வலது லேன் கைமாத்து மாதிரி: நான்குவழிச் சாலையில் ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. சென்னையிலிருந்து திருச்சி போகிற சாலையில், மதுராந்தகத்துக்குக் கொஞ்சம் முன்னால். வலது லேனில் ஒரு வெள்ளைக் கார் 65-ல் போய்க்கொண்டிருந்தது. அதன் இடது பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலி. பின்னால் நாங்கள் ஏழெட்டு வண்டிகள். ஒரு ஆம்னி பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. வெள்ளைக் கார் நகரவில்லை. எனக்கு முன்னால் இருந்த கார்க்காரர் பொறுமை இழந்து சட்டென்று இடது பக்கம் ஒடித்து ஏறினார். அங்கே சாலை ஓரமாக டிவிஎஸ் எக்ஸெல்லில் இரண்டு பால் கேன்களோடு ஒரு பெரியவர் போய்க்கொண்டிருந்தார். டயர் கிறீச்சிட்டது. ஒரு முழ இடைவெளி. பெரியவர் பயந்து மண்ணில் இறங்கி, வண்டியோடு சாய்ந்தார். ஒரு கேன் உருண்டு, மூடி தெறித்து, சாலை முழுக்கப் பால்.

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நிறுத்தி, தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்தோம். அவர் திரும்பத் திரும்பப் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைக் கார் அதே 65-ல், அதே வலது லேனில் போயே போய்விட்டது. நடந்தது எதுவும் அதை ஓட்டியவருக்குத் தெரியாது. மணிக்கு 65 கிலோமீட்டரில் நிதானமாக, பத்திரமாக ஓட்டுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார்.

இந்த வழிகாட்டியை எழுத அந்தக் காலைதான் காரணம். லேன் ஒழுங்கு தவறுகிறவர்களில் பலர் முரடர்கள் இல்லை. தங்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்காதவர்கள். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில், 64 ஆயிரத்துக்கு மேல். சாலை மோசம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. நல்ல சாலைகள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன.

அடிப்படை ஒன்றுதான். வலது லேன் கைமாத்துப் பணம் மாதிரி. தேவைப்படும்போது வாங்கலாம், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: கிளம்பும் முன் கண்ணாடிகள்

பெரும்பாலானவர்கள் பக்கக் கண்ணாடியில் தங்கள் கார் கதவையே பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்புங்கள். உங்கள் வண்டியின் உடம்பு ஓரத்தில் ஒரு கீற்றாகத் தெரிந்தால் போதும், மீதி எல்லாம் பக்கத்து லேனாக இருக்க வேண்டும். இப்படி வைத்தாலும் பின்கதவுக்கு நேராக வருகிற பைக் கண்ணாடியில் விழாமல் போகலாம். அதனால் லேன் மாறும் முன் தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்க வேண்டும். உள் கண்ணாடியை மறைக்கிற மாதிரி பின் சீட்டுக்கு மேல் தலையணை, பை என்று அடுக்காதீர்கள்.

ஐந்து முதல் எட்டு விநாடிக்கு ஒருமுறை கண் உள் கண்ணாடிக்குப் போய்வர வேண்டும். பின்னால் வருகிறவரைப் பார்க்காமல் அவருக்கு வழி விட முடியாது.

படி 2: சர்வீஸ் ரோட்டிலிருந்து ஏறுவது

ஏறும்போது இடது லேனில்தான் சேர வேண்டும். பலரும் 40-ல் ஏறி, அதே மூச்சில் இரண்டு லேனையும் குறுக்காகக் கடந்து மீடியன் ஓரம் போய் ஒட்டிக்கொள்கிறார்கள். அங்கே 100-ல் வருகிற வண்டி ஒரு விநாடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. முதலில் இடது லேனில் வேகம் பிடியுங்கள், கண்ணாடியைப் பாருங்கள், அப்புறம் தேவை இருந்தால் மட்டும் வலது.

படி 3: இடது லேனை வீடாக்கிக்கொள்வது

சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். நம் ஊர் இடது லேனில் என்னென்ன இருக்கும்? ஓரமாக நிறுத்திய லாரி, பாதி லேனை அடைத்தபடி. ராங் ரூட்டில் வரும் பைக். கரும்பு ஏற்றிய டிராக்டர். பஸ் ஸ்டாப்பில் இறங்கி நிற்கும் கூட்டம். அறுவடைக் காலத்தில் சில இடங்களில் காயப்போட்ட தானியம். இதனால்தான் வலது லேன் பாதுகாப்பு என்று மனசு பழகிவிட்டது. அந்தப் பயம் நியாயமானது.

ஆனால் இந்தத் தொல்லைகள் எல்லா இடத்திலும் இல்லை. ஊர் நெருங்கும்போதும் பிரிவுச் சாலைகளிலும்தான் அதிகம். நடுவில் கிலோமீட்டர் கணக்கில் இடது லேன் சும்மா கிடக்கிறது. நான் பின்பற்றுகிற அளவுகோல் இது: இடது லேனில் பிரேக்கைத் தொடாமல் 15 விநாடி போக முடியுமா? 90-ல் போனால் அது சுமார் 375 மீட்டர். அந்த அளவு காலியாகத் தெரிந்தால் இடது பக்கம் வந்துவிட வேண்டும். முன்னால் நிற்கும் லாரியோ நடந்து போகிறவர்களோ தெரிந்தால், நெருங்குவதற்கு முன்பே இண்டிகேட்டர் போட்டு வலது லேனை வாங்கிக்கொள்ளலாம். அது முழுக்கச் சரியான பயன்பாடு.

சில பருவங்களில் இது கடமையே ஆகிவிடும். மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடையில், சமயபுரத்துக்கு மஞ்சள் உடையில், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடையில் நடந்து போகிறவர்கள் இருட்டோடு இருட்டாக ஓரத்தில் வரிசையாகப் போவார்கள். அவர்களைத் தாண்டும்வரை இடது லேனை முழுசாக அவர்களுக்கு விட்டுவிடுங்கள். வேகத்தையும் குறையுங்கள்.

படி 4: முந்துவது

இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 60-ல் போகும் 12 மீட்டர் லாரியை நீங்கள் 90-ல் முந்துகிறீர்கள். லாரிக்கு 30 மீட்டர் பின்னால் வெளியே வந்து, 30 மீட்டர் முன்னால் போய் உள்ளே திரும்புகிறீர்கள். உங்கள் காரின் நீளம் 4 மீட்டரையும் சேர்த்தால் லாரியைவிடக் கூடுதலாகக் கடக்க வேண்டியது 76 மீட்டர். வேக வித்தியாசம் விநாடிக்கு 8.3 மீட்டர். ஆக, வலது லேனில் உங்களுக்கு வேலை வெறும் 9 விநாடி. அந்த நேரத்தில் கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகப் போயிருப்பீர்கள். ஒன்பது விநாடி வேலைக்கு வலது லேனை விழுப்புரம் வரை வைத்துக்கொள்வது நியாயமா?

வரிசை இப்படி இருக்கட்டும். உள் கண்ணாடி, வலது கண்ணாடி. பின்னால் யாராவது உங்களைவிட வேகமாக வருகிறார்களா? வந்தால் அவர் போகட்டும், நீங்கள் இடதிலேயே இருங்கள். காலி என்றால் வலது இண்டிகேட்டர். போட்டவுடன் திரும்பக் கூடாது, மூன்று முறையாவது மினுங்கட்டும். தலையைத் திருப்பி ஒரு பார்வை. அப்புறம் வெளியே வாருங்கள். வந்த பிறகு தயங்கக் கூடாது. லாரிக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பதுதான் பெரிய ஆபத்து, ஏனென்றால் அந்த ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். முந்திய வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் உங்கள் உள் கண்ணாடியில் முழுசாகத் தெரிந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு உள்ளே வாருங்கள். அதற்கு முன்னால் ஒடித்தால் அதற்குப் பெயர் கட் அடிப்பது. பாரம் ஏற்றிய லாரி உங்களைப் போல நினைத்த இடத்தில் நிற்காது.

இன்னொரு லாரி கொஞ்ச தூரத்திலேயே இருந்தால்? அதே 15 விநாடிக் கணக்குதான். அதற்குள் அதை எட்டிவிடுவீர்கள் என்றால் வலதிலேயே தொடருங்கள், ஒவ்வொன்றுக்கும் உள்ளே வெளியே என்று நெளிய வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் பின்னால் வேகமான வண்டி வந்துவிட்டால் உள்ளே போய் அவரை விட்டுவிட்டு மறுபடி வாருங்கள்.

முன்னால் போகும் லாரியின் இண்டிகேட்டரை நம்பி மட்டும் முந்தாதீர்கள். சில ஓட்டுநர்கள் "நீ போ" என்பதற்கு இடது இண்டிகேட்டர் போடுவார்கள், சிலர் வலது போடுவார்கள், சிலர் நிஜமாகவே திரும்பப் போகிறார்கள். எந்த இண்டிகேட்டர் எரிந்தாலும் அந்த வண்டி அந்தப் பக்கம் வரப் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: பின்னால் ஒருவர் லைட் அடித்தால்

வழி விடுங்கள். இதற்கு விளக்கமே தேவையில்லை என்று நினைப்பேன், ஆனால் அதிகம் சண்டை நடப்பது இதில்தான். "நானே வரம்பு வேகத்தில்தான் போகிறேன், அதற்கு மேல் போகிறவன் தப்புச் செய்கிறான், நான் ஏன் ஒதுங்கணும்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அவர் வேகத்தை அளப்பது கேமராவின் வேலை, போலீஸின் வேலை. அவர் வண்டியில் வலிப்பு வந்த குழந்தை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். நீங்கள் மறித்தால் அவர் இடது பக்கம் ஏறுவார். அங்கே ஒரு பால்காரர் இருப்பார்.

அதற்காகப் பதறிப்போய் ஒடிக்க வேண்டாம். இடது இண்டிகேட்டர் போடுங்கள், அவருக்குப் புரிந்துவிடும். இடம் கிடைத்ததும் ஒதுங்குங்கள்.

படி 6: முன்னால் ஒருவர் வலதிலேயே உட்கார்ந்திருந்தால்

முதலில் இடைவெளியைக் குறைக்காதீர்கள். பம்பரை ஒட்டிப் போய் மிரட்டினால் அவர் பயந்து பிரேக் போடுவார், அடி உங்களுக்கு. தூரத்திலிருந்தே இரண்டு முறை பாஸ் லைட். ஒரு சின்ன ஹார்ன். பிறகு முப்பது விநாடி காத்திருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஆறேழு பேர் இதற்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர்கள் உண்மையிலேயே கவனிக்காமல் இருந்தவர்கள்.

அப்படியும் நகராதவரை என்ன செய்வது? விதி வலது பக்கம்தான் முந்தச் சொல்கிறது. முன்னால் போகிறவர் வலது பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருந்தால் இடது பக்கம் கடக்கலாம். மற்ற நேரங்களில் பொறுமையாகப் பின்னால் போவதைத்தான் நான் சொல்வேன். இடது லேனுக்கு மாறி அங்கேயே உங்கள் வேகத்தில் போவது என்று முடிவு செய்தால், ஓரம் வரை முழுக்கக் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, வேக வித்தியாசம் 10 கிலோமீட்டருக்கு மேல் போகாமல், அவர் எந்த நொடியும் இடது பக்கம் வரலாம் என்ற நினைப்போடு போங்கள். தாண்டியதும் அவர் முன்னால் வெட்டி நுழைந்து பிரேக் அடித்துப் பாடம் நடத்துவது வேண்டவே வேண்டாம். அந்த வண்டியில் குழந்தைகள் இருக்கலாம்.

படி 7: மூன்று விநாடி இடைவெளி

முன்னால் போகும் வண்டி ஒரு கிலோமீட்டர் கல்லையோ பலகையையோ தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள். நூற்று ஒண்ணு, நூற்று ரெண்டு, நூற்று மூணு. அதற்கு முன் நீங்கள் அந்தக் கல்லைத் தாண்டினால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். 100-ல் மூன்று விநாடி என்பது 83 மீட்டர். மழையில் இதை இரட்டிப்பாக்குங்கள்.

"இடம் விட்டால் எவனாவது புகுந்துவிடுகிறான்" என்பார்கள். புகுவான்தான். ஒருவர் புகுந்தால் மறுபடி இடைவெளி விட உங்களுக்கு ஆகும் செலவு மூன்று விநாடி. திருச்சி போய்ச் சேருவதற்குள் நூறு பேர் புகுந்தாலும் மொத்த நஷ்டம் ஐந்து நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்.

லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் அவர்களோடு ஓட்டுகிறவர்களுக்கும்

இரண்டு லாரிகள் இரண்டு லேனையும் அடைத்துக்கொண்டு சேர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். 55-ல் போகும் லாரியை 60-ல் போகும் இன்னொரு லாரி முந்துகிறது. பின்னால் 15 மீட்டர், முன்னால் 15 மீட்டர் என்று வைத்தாலும் கணக்குப் போட்டால் 39 விநாடி, அறுநூற்று ஐம்பது மீட்டர். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய வண்டிகளில் வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கும், நேரம் இன்னும் நீளும்.

உளுந்தூர்பேட்டை அருகே ஒரு டீக்கடையில் நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "ஏண்ணே, வலது பக்கமே ஏறி நிக்கிறீங்க?" அவர் கோபப்படவில்லை. "லெஃப்ட்ல ஒரு பைக்கு ஓரமா நின்னா போதும் தம்பி. நான் பிரேக் போட்டு, கியர் இறக்கி, மறுபடி லோடை இழுத்து அறுவதுக்குக் கொண்டு வரணும். டீசல் என் கணக்குல போகுது. ரைட்ல போனா அந்த ரோதனை இல்ல." அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. டம்ளரை வைத்துவிட்டு அவரே சொன்னார்: "ஆனா பின்னாடி ஆம்புலன்ஸ் வந்தா எனக்குத் தெரியறதே லேட்டுதான்."

லாரிக்காரர்களிடம் நான் கேட்பது இரண்டு. முந்தத் தொடங்கும் முன் பின்னால் வரும் கார்களை ஒரு அலை போகவிடுங்கள். முந்தப்படுகிறவர் நீங்கள் என்றால் ஆக்சிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுங்கள். மூன்று கிலோமீட்டர் வேகம் குறைந்தாலே முப்பத்தொன்பது விநாடி இருபத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடும்.

கார்க்காரர்களிடம் கேட்பது: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. அந்த இடத்தில் தங்காதீர்கள். தருமபுரி தொப்பூர் மாதிரியான இறக்கங்களில் பாரம் ஏற்றிய லாரிக்கு முன்னால் போய் நுழையவே நுழையாதீர்கள். சூடேறிய பிரேக் அங்கே எத்தனையோ உயிர்களை வாங்கியிருக்கிறது.

இரவில்

மீடியனில் அரளிச் செடி நிற்பது அழகுக்கு மட்டும் இல்லை, எதிர்விளக்கை மறைக்கவும்தான். செடி பட்டுப்போன இடங்களில் எதிரில் வண்டி தெரிந்தால் டிம் செய்யுங்கள். முன்னால் போகும் வண்டிக்கு அருகில் வந்துவிட்டாலும் டிம்தான். உங்கள் ஹை பீம் அவர் கண்ணாடி வழியாகக் கண்ணைக் குத்துகிறது.

டிம் லைட்டில் ஓட்டும்போது வேகத்தையும் குறைக்க வேண்டும். 100-ல் போனால், ஆபத்தைக் கண்டு காலை பிரேக்குக்குக் கொண்டுபோய் வண்டியை நிறுத்துவதற்குள் கிட்டத்தட்ட நூறு மீட்டர் போய்விடும். டிம் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது. பின்விளக்கு இல்லாமல் ஓரம் நிற்கும் லாரி கண்ணில் படும்போது நேரம் கடந்திருக்கும். இரவில் நான் 80-ஐத் தாண்டுவதில்லை. இடது லேனில்தான் போகிறேன், ஆனால் ஓரக் கோட்டை ஒட்டாமல் லேனின் நடுவில்.

பார்க்கிங் லைட் என்கிற குழப்பம்

நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுங்குவது நின்றுபோன வண்டிக்கு. சந்திப்பில் "நேராகப் போகிறேன்" என்று சொல்வதற்காக இல்லை. அப்படிப் போட்டால் ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு இண்டிகேட்டர் மட்டுமே தெரியும், நீங்கள் தன் பக்கம் திரும்புவதாக நினைத்துக்கொள்வார். மழையில் ஓடும்போதும் வேண்டாம், ஏனென்றால் லேன் மாறுவதைச் சொல்ல உங்களிடம் வேறு விளக்கு இல்லை. மழைக்கு ஹெட்லைட் போதும்.

பைக்கில் போகிறவர்கள்

இடது லேனின் இடது பாதி உங்களுக்கு. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மணல் இருக்கும், அதில் அடிக்கடி ஏறி இறங்காதீர்கள். இரண்டு லாரிக்கு நடுவில் புகவே கூடாது. ராங் ரூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மீடியன் திறப்பு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும், வீடு எதிரிலேயே தெரியும், மனசு குறுக்கு வழி தேடும். சாலை போட்டவர்கள் ஊரை இரண்டாகப் பிளந்துவிட்டார்கள் என்ற கோபமும் நியாயம்தான். ஆனால் உங்கள் 40-உம் எதிரே வருகிறவரின் 90-உம் கூடி 130-ஆக வருகிறது. சர்வீஸ் ரோடு இருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் வண்டியை அணைத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

டோல்கேட்

பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று எதை நெருங்கினாலும் அரை கிலோமீட்டர் முன்பே எந்த வரிசை என்று முடிவு செய்து அதிலேயே இருங்கள். தாண்டியதும் பத்து வரிசை இரண்டு லேனாகச் சுருங்குகிறது. அங்கே பந்தயம் வேண்டாம். இடது பக்கமாகச் சேர்ந்து வேகம் பிடியுங்கள்.

வண்டி நின்றுவிட்டால், விபத்தைப் பார்த்தால்

எப்படியாவது லேனை விட்டு ஓரம் கொண்டுவாருங்கள். பார்க்கிங் லைட் போடுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை ஐம்பது மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வையுங்கள். எல்லோரும் இடது பக்கமாக இறங்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். வண்டிக்குள் உட்காராதீர்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, உயிருக்கு ஆபத்து என்றால் 108.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கினால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பயத்தை விடுங்கள். உதவி செய்கிறவரைப் பாதுகாக்க 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்று தனிப் பிரிவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. 2021 டிசம்பரில் அது தொடங்கப்பட்டது இதே சாலையில் இருக்கும் மேல்மருவத்தூரில்தான்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இடது பக்கம் ஒதுங்குங்கள், அது போனபின் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள். வழி விடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விதிக்குப் புறம்பாக முந்துவதும், எதிர்த்திசையில் ஓட்டுவதும், கையில் போன் வைத்து ஓட்டுவதும் பிறருக்கு ஆபத்தாக இருந்தால் 184-ஆவது பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல்: முதல் முறைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும்.

கடைசிப் படி: ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்

பழக்கத்தை மாற்ற எனக்கு உதவியது இதுதான். பக்கத்தில் உட்காருகிறவரிடம் ஒரு வேலை கொடுங்கள். இடது லேன் காலியாக இருந்தும் நீங்கள் 15 விநாடிக்கு மேல் வலதில் இருந்தால் ஒரு கோடு. பரனூர் டோல்கேட்டில் தொடங்கி ஆத்தூர் டோல்கேட்டில் முடிக்கலாம். பால் கொட்டிய அந்த ஞாயிறுக்கு அடுத்த வாரம் என் மனைவி எண்ணினார்: பதினொரு கோடு. நான் இடது லேன்காரன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூன்றாவது பயணத்தில் இரண்டாகக் குறைந்தது. இப்போது பின் சீட்டிலிருந்து என் மகள் எண்ணுகிறாள். "அப்பா, லெஃப்ட் காலியா இருக்கு" என்று அவள் சொல்லும்போது நான் முதலில் கண்ணாடியைப் பார்க்கிறேன், இண்டிகேட்டரைப் போடுகிறேன்.